பழுக்காத பல்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ‘காப்பீட்டு முகவர்களுக்கு முன்பணக் கமிஷன் எப்போது கொடுக்கலாம்? கிளையின் கருத்தை ஐம்பது சொற்களுக்கு மிகாமல் எழுதி அனுப்பவும்.’ மேனேஜர் அதை ஒரு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார், பிறகு என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இந்தக் கிளையில் கமிஷன் மேசை என்னுடையது. கொடுப்பதும் நான்தான், திரும்பப் பிடிப்பதும் நான்தான். ஆனால் ஐம்பது சொல்லில் என் அத்தானைப் பற்றி ஆரம்பிக்கக்கூட முடியாது. அதனால் அவர் கதையை இங்கே முதலில் எழுதி முடித்துவிடுகிறேன். சுற்றறிக்கை காத்திருக்கட்டும், அதற்கு என்ன பசியா எடுக்கப் போகிறது?

முன்பணக் கமிஷன் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒருவர் மாதத் தவணையில் பாலிசி எடுக்கிறார். முதல் தவணையைக் கட்டியதும், ஒரு வருஷக் கமிஷனை ஏஜெண்டுக்குக் கம்பெனி மொத்தமாகக் கொடுத்துவிடும். ஏஜெண்டுக்கும் வாடகை இருக்கிறது, செருப்பு தேய்கிறது, அது கம்பெனிக்கும் தெரியும். ஆனால் கொடுத்த பணம் அப்போதே அவருடையது ஆகிவிடாது. பாலிசிதாரர் மாதாமாதம் கட்டக் கட்ட, அந்தந்த மாதத்துக் கமிஷன் மட்டும் அவருக்குச் சொந்தமாகும். நடுவில் நிறுத்திவிட்டால் மிச்ச மாதங்களுக்கு வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு பேச்சு உண்டு. சொந்தமானது பழுத்த பணம், ஆகாதது காய். “உனக்கு எவ்வளவு பழுத்திருக்கு?” “எல்லாம் இன்னும் காயாத்தான் இருக்கு.” புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நாங்கள் பின்பக்கம் பழக்கடை நடத்துகிறோம் என்று கொஞ்ச நாள் நம்புவார்கள்.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு ஏஜெண்டிடம் மூன்று பாலிசி இப்படிக் காயிலேயே விழுந்தால் ஏஜென்சி போய்விடும். ஏன் மூன்று என்று நான் ஒருமுறை மேனேஜரிடம் கேட்டேன். “ரெண்டுன்னா ரொம்பக் கடுமை, நாலுன்னா ரொம்பத் தாராளம்” என்றார். இந்த மாதிரி மூளைகளை எங்கே தேடிப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தான், அதாவது என் அக்கா புருஷன், எங்களிடம் ஏஜெண்டாக வருவதற்கு முன்னால் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்த்தார். அங்கே வாடிக்கையாளர் காலைப் பார்த்துவிட்டு, “இது உங்களுக்குக் கடிக்கும், வேண்டாம்” என்று சொல்லி அனுப்புவதில் பேர் பெற்றவர். கடை மூடியதற்கு அவர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பிறகு அவராகவே எங்கள் கம்பெனிப் பரீட்சை எழுதி ஏஜெண்ட் ஆனார். பாலிசி விற்கப் போன வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் குழாயைச் சரி செய்வார். அதற்குள் வீட்டுக்காரர் வெளியே கிளம்பிவிடுவார். அத்தான் ஸ்பேனரும் கையுமாகத் திரும்பி வருவார். ஸ்பேனர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, பையில் பாலிசிக் காகிதங்களுக்குக் கீழே எப்போதும் ஒன்று கிடக்கும்.

முதலில் விழுந்தது ஒரு பஸ் டிரைவரின் பாலிசி. நாலாம் மாதம் அவருக்கு ஒரு சாமியார் அறிமுகமாகி, ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவது தப்பு என்று புரிந்துவிட்டது. இரண்டாவது ஒரு உடற்பயிற்சிக்கூட முதலாளியுடையது. அவர் கண்ணாடி முன்னால் நின்று தன் தோளைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். அத்தானும் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு ஒண்ணும் ஆகாதுதான்” என்றார். அந்த மாதமே முதலாளி பாலிசியை நிறுத்திவிட்டார். இரண்டு தடவையும் நான்தான் திரும்பப் பிடித்தேன். அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. “மச்சினிச்சி கையால பிடிச்சாலும் பிடித்தம் பிடித்தம்தான்” என்று சொல்லிவிட்டு, தள்ளாடிக்கொண்டிருந்த என் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இனி அக்காவின் பல்லுக்கு வருகிறேன்.

அக்கா ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். படம் எடுப்பவர் முதலாளி. அவருக்குப் பின்னால் நின்று, “கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம்” என்று சொல்வது அக்கா. அழுகிற குழந்தைகள்கூட அவள் சிரித்தால் சிரித்துவிடும். சின்ன வயதில் எனக்கு அடி விழும்போது அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள், நானும் சிரித்துத் தொலைத்து இன்னும் இரண்டு அடி வாங்குவேன். ஒருநாள் ஸ்டுடியோவில் விளக்கு ஸ்டாண்ட் சரிந்து நேராக அவள் வாயில் விழுந்தது. முன்பல் நாலும் போயிற்று. அதற்குப் பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு, “தைரியமா சிரிங்க” என்று சொல்ல ஆரம்பித்தாள். கல்யாண ஜோடிகள் அவளைப் பார்த்து மிரண்டன. முதலாளி தங்கமான மனிதர், அதனால் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். அதற்குத்தான் யாரும் சிரிக்க வேண்டியதில்லையே.

அந்தச் சமயம் பார்த்து அத்தானுக்கு ஒரு பெரிய பாலிசி கிடைத்தது. எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி. பிரெட்டும் பன்னும் போடுவது புருஷன், கேக்குக்குப் பூ வைப்பது மனைவி. எல்லோரும் அவளைக் கேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசி. ஒருவர் போனால் மற்றவருக்குப் பணம். கமிஷன் நன்றாக வந்தது. அத்தான் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பல் டாக்டரிடம் அக்காவை அழைத்துப் போனார். வரிசை நிறைந்த வாயோடு அக்கா வெளியே வந்தாள்.

“சிரி, பார்க்கலாம்” என்றேன்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். “மாட்டேன். இது இன்னும் நம்மளுது ஆகல. உங்க ஆபீஸ்ல எப்படிச் சொல்வீங்க? காயா இருக்கு.”

“பல்லு எப்படிக் காயா இருக்கும்?”

“பணம் காயா இருந்தா பல்லும் காய்தான். நாளைக்கு அந்த பேக்கரிக்காரங்க நிறுத்திட்டாங்கன்னா? ஊரெல்லாம் பல்லைக் காட்டிட்டு அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரியறது? பழுக்கட்டும். அப்புறம் சிரிச்சுக்கிறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் அக்காவுக்கு விளையாட்டாகப் பேசத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். கணக்கும் அவளே போட்டாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு தவணை, பல் நாலு. ஆக மூன்று தவணைக்கு ஒரு பல் பழுக்கும். மூன்றாம் தவணை கட்டியாகிவிட்டது என்று நான் போனில் சொன்ன அன்று, வாயின் இடது ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினாள். அது சிரிப்பு மாதிரி இல்லை, யாரோ கிள்ளின மாதிரி இருந்தது. ஸ்டுடியோ முதலாளிக்கு ஒன்றுமே புரியவில்லை. “பல்லு வாங்கினீங்களே, சிரிப்பு தனியா வாங்கணுமா?” என்று கேட்டாராம்.

அத்தானோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல பேக்கரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இது விழுந்தால் மூன்றாவது. ஏஜென்சி போய்விடும், அக்காவின் பல் கடனாகிவிடும். பேக்கரி நன்றாகத்தான் ஓடிற்று. ஓடாதது அந்தப் புருஷன் பெண்டாட்டிதான். அடிதடி, குடி என்று எதுவும் கிடையாது. பேச்சு நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். கேக் ஆர்டர் வந்தால் புருஷன் துண்டுக் காகிதத்தில் எழுதி ஜன்னல் வழியாக உள்ளே வைப்பார். அவள் கேக்கை அதே ஜன்னலில் வைப்பாள். கேக்கில் என்ன எழுத வேண்டும் என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் நடுவில் வேறு எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. கடை லாபத்தில் அவளுக்கென்று ஒரு பங்கு கேட்டிருக்கிறாள். அவர் ‘யோசிக்கலாம்’ என்று சொல்லி இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் அத்தான் சமாதானம் பேசினார். ஒரு பன் வாங்குகிற சாக்கில் போய், “இன்னைக்குக் கேக் ரொம்ப அழகா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்று புருஷனிடம் சொல்வார். ஒருநாள் புருஷன் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஜன்னலில் வைத்தார். கேக்கம்மா அதை ஆர்டர் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கேக்கின் மேல் ‘ரொம்ப அழகா இருக்கு’ என்று ரோஸ் க்ரீமில் எழுதி வெளியே அனுப்பிவிட்டாள். அது மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. யாரும் வாங்கவில்லை. கடைசியில் அத்தானே வாங்கி வந்தார். நாங்கள்தான் சாப்பிட்டோம். கேக் உண்மையிலேயே ரொம்ப நன்றாக இருந்தது, அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்படியே பன் தின்று தின்று அத்தானுக்குத் தொப்பை விழுந்தது. ஆறாம் தவணையும் கட்டியாகிவிட்டது. அக்கா பாதி வாயால் சிரிக்க ஆரம்பித்தாள். வலது பக்கம் காய் என்பதால் அந்தப் பக்கத்து உதட்டை விரலால் பிடித்துக்கொள்வாள். குழந்தைகளுக்கு அது பிடித்துப்போய் அவர்களும் உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வட்டாரத்தில் இப்போது பல வீட்டுச் சுவர்களில் பல்வலிக்காரர்கள் மாதிரி குழந்தைப் படங்கள் மாட்டியிருக்கின்றன.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு எழுந்த நேரம் கேக்கம்மா வந்தாள். விரல் நகத்தில் பச்சைக் க்ரீம் ஒட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அத்தானைப் பார்த்து, “அண்ணே, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்” என்றாள்.

“சொல்லும்மா.”

“நான் தனியா கடை போடப் போறேன். இடம் பார்த்துட்டேன். பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன். அவர்கிட்ட சொல்லிட்டேன். ‘சரி’ன்னார். எழுதி வைக்கல, வாயாலயே சொன்னார். ரெண்டு வருஷத்துல அதுதான் வாயால சொன்ன முதல் வார்த்தை.”

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தம்ளர் தட்டில் டக்கென்று உட்கார்ந்தது.

“இந்த பாலிசித் தவணையை என் கைக்காசுலேருந்துதான் கட்டிட்டு வரேன்” என்றாள் கேக்கம்மா. “இனிமே அங்கே இடத்து வாடகையும் கட்டணும், இதையும் கட்டணும். இதை நிறுத்தலாமா, கூடாதா? நிறுத்தினா எனக்கு நஷ்டம்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அப்படியே செய்யறேன்.”

‘வருஷம் முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் போதும். எந்த ஏஜெண்டும் அதைத்தான் சொல்வான். பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஆறு தவணை கட்டியாயிற்று, இன்னும் ஆறுதான். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். ஏஜென்சி பிழைக்கும், பல் பழுக்கும். நான் மேசைக்கடியில் அத்தான் காலை ஓங்கி மிதித்தேன். அவர் காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

“இது ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த பாலிசிம்மா” என்றார் அத்தான். “நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் அவர் கைக்குத்தான் போகும். உன் பொண்ணு கைக்குப் போகாது. நீ கட்டறது உனக்கு இல்லாத ஒரு வீட்டுக்கு ஓடு மாத்தற மாதிரி. இன்னும் ஆறு மாசம் கட்டினா ஆறு மாசக் காசு வீண். நிறுத்திடு. உன் பேர்ல தனியா சின்னதா ஒண்ணு எடு. பொண்ணு பேரைப் போடு. இதுல பாதி தவணைதான் வரும்.”

“நிச்சயமாவா அண்ணே?”

“நிச்சயமா.”

அவள் மூச்சு விட்டாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவள் போல, “நான் நிறுத்தினா உங்களுக்கு ஏதாவது நஷ்டமா?” என்று கேட்டாள்.

அத்தான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்: “எனக்கு என்னம்மா நஷ்டம்? நான்தான் முன்னாடியே வாங்கிட்டேனே.”

உடனே ஒரு சத்தம் கேட்டது. அக்கா சிரித்தாள். உதட்டைப் பிடித்துக்கொள்ளாமல், வாயை மூடாமல், சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாலு பல்லும் பளிச்சென்று தெரிந்தன. அவள் சிரித்தால் யாரால் சும்மா இருக்க முடியும்? விஷயமே தெரியாத கேக்கம்மா சிரித்தாள். அத்தான் சிரித்தார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரமாக வந்தது, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கேக்கம்மா போன பிறகு, “அக்கா, பல்லு” என்றேன்.

“தெரியுதுடி” என்றாள். “இனிமே எங்கே பழுக்கப் போகுது? காயாவே இருந்துட்டுப் போகட்டும்.” அத்தான் பக்கம் திரும்பி, “ஏங்க, கடன்னா கடன்தானே? மாசாமாசம் கட்டிடலாம். கேக்கம்மாகிட்ட நீங்க மாத்திச் சொல்லியிருந்தா, பன்னிரண்டு மாசம் ஆனாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்” என்றாள். அத்தான், கேக்கம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஆடுகிற காலை முடுக்க ஆரம்பித்தார். ஸ்பேனர் அதற்குள் கையில் வந்திருந்தது.

திங்கட்கிழமை கேக்கம்மாவின் கடிதம் என் மேசைக்கு வந்தது. ஆறு மாதக் கமிஷனைத் திரும்பப் பிடித்தேன், அத்தானுக்கு வர வேண்டிய மற்றக் கமிஷன் போக மிச்சம் கடனாக நின்றது. மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேக்கம்மாவுக்கு அத்தான் சொன்னது சரியான யோசனைதானே என்று கேட்டேன். “ரொம்பச் சரியான யோசனை” என்றார். “ஆனா மூணு ஆயிடுச்சே.” அதற்கு மேல் அவர் தலைக்குள் எதுவும் போகவில்லை. நான் குரலை உயர்த்தியதும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே பறவையே இல்லை. வெள்ளிக்கிழமை அத்தானின் ஏஜென்சி ரத்தானது. கேக்கம்மாவின் புதிய பாலிசியை வேறொரு ஏஜெண்ட் போட்டார். முன்பணக் கமிஷனை நேற்று அவருக்கு நான்தான் கொடுத்தேன்.

அடுத்த மாதம் புதுக்கடை திறந்ததும் ஆர்டர் எடுக்கும் வேலைக்கு வரச் சொல்லி அத்தானைக் கேக்கம்மா கேட்டிருக்கிறாள். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. “மாசக் கடைசியிலதானே குடுப்பீங்க? முன்னாடியே குடுத்துடாதீங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோவில் அக்காவைத் திரும்பவும் கல்யாணப் படங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். கடன் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. அவள் சிரிப்பதைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

டீ குடித்துவிட்டு மேனேஜர் வந்து, “எழுதியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எழுதிவிட்டேன். கீழே இருப்பதுதான் எங்கள் கிளையின் கருத்து. சொற்கள் ஐம்பதைத் தாண்டவில்லை.

‘பாலிசியை நிறுத்தினால் தனக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தும், நிறுத்துவதுதான் நல்லது என்றால் “நிறுத்திடு” என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடிய முகவருக்கு முன்பணக் கமிஷனைத் தாராளமாகக் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு மாதாமாதம் கொடுத்தால் போதும். எங்கள் கிளையில் அப்படிப்பட்ட முகவர் ஒருவர் இருந்தார். போன வெள்ளிக்கிழமை அவரை நீக்கிவிட்டோம்.’